நோயரிடம் பேசும் பேச்சு

(திருவரங்கத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

பணி முடித்து, களைப்போடும் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் செவிலித் தங்கையரே!

தமிழைப் பற்றிப் பேச மருத்துவமனைக்குள் ஏன் நுழைகிறீர் என்று என்னை முன்னரே ஒரு நண்பர் கேட்டுவிட்டார். தமிழ்நாட்டில் எளிய மாந்தன் தன் தாய்மொழியை உயிர்க்கு உயிராக வேண்டி நிற்கும் இடங்கள் இரண்டு. ஒன்று வழக்குமன்றம், மற்றொன்று மருத்துவமனை. வழக்குமன்றத்திலாவது அவனுக்காக ஒருவர் கறுப்புச் சட்டை அணிந்து நின்று பேசுகிறார். கட்டிலிற் கிடப்பவனுக்குப் பேச ஆளில்லை. அவன் வாய் ஒன்றே அவனுக்குத் துணை. அந்த வாயைத் திறக்கச் செய்வதும் அடைத்துவிடுவதும் எதிரே நிற்பவர் சொல்லும் முதற்சொல். யான் மருத்துவம் கற்றவனல்லேன். தமிழ் கற்பித்துப் பிழைத்தவன். ஆகையால் அந்த முதற்சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

என் தமக்கையார் சில ஆண்டுகட்கு முன் ஒரு மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டிருந்தார். எந்த மருத்துவமனை என்பது இங்கு வேண்டா. இருபது கட்டில் போட்ட நீண்ட கூடம். காலை வேளை, பார்வையாளர் நிறைந்திருந்தனர். தமக்கையாரின் சம்பந்தி வீட்டு ஆடவர் இருவரும் கட்டிலருகே நின்றிருந்தனர். கூடத்தின் வாயிலில் நின்றவாறே ஒரு குரல்: "ஏய் பாட்டி! ரெண்டுக்குப் போனியா, இல்லியா?" தமக்கையார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "போனேன்" என்றார். தாளிலும் அவ்வாறே பதிந்தனர். மூன்று நாளாக அவர்க்கு வயிறு கழியவில்லை என்பது அவர் ஒருவர்க்கே தெரியும். மறுநாள் மாலை வயிறு உப்பி, வாந்தி எடுத்து, குடல் அடைத்திருக்கிறது என்று கண்டு, நள்ளிரவில் அறுவை செய்தார்கள். பிழைத்துக்கொண்டார். "ஏனக்கா சொல்லவில்லை?" என்று பின்னர்க் கேட்டேன். "அத்தனை பேர் முன்னால எப்படிடா சொல்றது?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்ட பெண் கொடியவளல்லள். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டாள். கேட்ட முறை, விடையைப் பொய்யாக்கிவிட்டது. பொய்யான விடையின்மேல் மருத்துவம் நடந்தது. பணிவும் இன்சொல்லும் மருத்துவத்துக்கு மேற்பூச்சு, நேரமிருந்தால் பூசிக்கொள்ளலாம் என்று கருதுவார் இந்த ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். நோயர் வாய்ச்சொல்லே நோயறிதலின் முதற்கருவி. குருதி ஆய்வும் ஊடுகதிர்ப் படமும் அதன் பின்னரே வருகின்றன.

இதற்கு நம் இலக்கணத்தில் இடமுண்டா என்று தேடினால் வியப்பாக இருக்கிறது. நன்னூலைப் படித்தவர் இங்குப் பலர் இருக்கின்றீர்கள். பவணந்தியார் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்தார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்தோம். இம்மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவமனைக் கூடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். அவர் அங்கே நின்று எழுதினாரோ என்று தோன்றும்.

இடக்கரடக்கலாவது, அவையிற் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்வது. நம் பாட்டிமார் "கால் கழுவி வந்தேன்" என்றனர். "வெளியே போய்வந்தேன்" என்றனர். நாகரிகத்துக்காக மட்டும் ஏற்பட்டதன்று இது. சொல்லக் கூசும் செய்தியைச் சொல்லவும் வழி வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. அருகில் வந்து, குனிந்து, "வயிறு கழிந்ததா, அம்மா?" என்று கேட்டிருந்தால் என் தமக்கையார் உண்மை சொல்லியிருப்பார். அறுவை வரை போயிராது என்று உறுதியாகச் சொல்ல யான் யார்? ஆயினும் ஒரு நாள் முன்னரே தெரிந்திருக்கும்.

மங்கலமாவது, மங்கலமல்லாததை மங்கலமாகச் சொல்வது. இறந்தாரைத் 'துஞ்சினார்' என்பது எடுத்துக்காட்டு. இற்றை மருத்துவமனையில் என்ன நடக்கிறது? பத்து மணித்துளிக்கு முன்வரை தந்தையாகவும் கணவனாகவும் இருந்தவர், மூச்சு நின்றதும் 'பாடி' ஆகிவிடுகிறார். "பாடிய எடுத்துட்டுப் போறீங்களா? வண்டி இருக்கா?" மகன் காதில் விழும் முதற்சொல் அது. "அப்பாவை எப்போது கொண்டுபோகிறீர்கள்?" என்று கேட்க எத்தனை சொல் கூடுதலாக வேண்டும்? எண்ணிப் பாருங்கள். ஒன்றும் வேண்டா.

மூன்றாவதாகிய குழூஉக்குறிக்குப் பின்னர் வருகிறேன். அது பெரிது.

நாம் அமர்ந்திருக்கும் இத் திருவரங்கத்திலேயே பண்டு மருத்துவச் சாலை ஒன்று இருந்ததென்பது உங்களிற் பலர்க்குத் தெரியும். அரங்கன் கோயிலில் தன்வந்திரியின் திருமுன் இன்றும் இருக்கிறது. பழுதுற்ற மருத்துவச் சாலையைக் கருடவாகன பட்டர் என்பார் புதுப்பித்தார் என்று 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டுக் கூறுகிறது. அதற்கு நானூறு ஆண்டு முன்னரே, வீரராசேந்திர சோழன் காலத்தில், காஞ்சிக்கு அணித்தான திருமுக்கூடலில் பதினைந்து கட்டிலோடு 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலை நடந்தது. 'ஆதுலர்' வடசொல் வழி வந்தது. அதை இப்போது விடுங்கள். அங்கே மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மருந்து கொணர்வார் இருவர், மருந்து அட்டுக்கொடுக்கும் பெண்டிர் இருவர் இருந்தனர். கிடந்த நோயர் ஒவ்வொருவர்க்கும் நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. இவ்வளவையும் கல் சொல்கிறது. அப்பெண்டிர் நோயரிடம் எவ்வாறு பேசினர் என்பதை மட்டும் சொல்லவில்லை. எந்நாட்டுக் கல்லும் அதைச் சொல்லாது.

வள்ளுவர் ஓரளவு சொன்னார். 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கூறு வகுத்தவர், நோயுற்றவனை முதலில் வைத்தார். தீர்ப்பவனை இரண்டாவதாக வைத்தார். அருகிருந்து பார்ப்பவனுக்கும் அவ்வரிசையிலேயே இடந்தந்து 'உழைச்செல்வான்' என்றார். பக்கத்திற் செல்பவன் என்பது பொருள். வாயிலில் நின்று கத்துபவர்க்கு அப்பெயர் பொருந்துமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இற்றைக்கு நாம் வழங்கும் 'செவிலியர்' என்னும் சொல்லும் எளிதான சொல்லன்று. அகப்பாட்டுகளில் தலைவியை வளர்த்த தாய்க்குப் பெயர் செவிலி. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். ஆங்கிலச் சொல்லுக்கு ஈடு தேடியவர் இந்தச் சொல்லை எடுத்தாரே, அவர்க்கு நாம் கடப்பாடுடையோம். நம் மக்களோ இன்னமும் 'சிசுட்டர்' என்கின்றனர். தமக்கை, தங்கை என்று நமக்குச் சொல்லில்லையா?

இனி வினைச்சொல்லுக்கு வருவோம். தமிழில் மதிப்பும் இகழ்ச்சியும் பெயர்ச்சொல்லைவிட வினைமுடிவில்தான் மிகுதியும் குடியிருக்கின்றன. ஒருவரைப் பன்மையாற் கூறுவது உயர்த்திச் சொல்லும் வழக்கு என்று தொல்காப்பியரே சொல்லதிகாரத்திற் குறித்தார். இலக்கண நெறிக்கு அது புறம்பு. ஆயினும் வழக்கில் உண்டு என்று ஒப்பினார். மக்கள் தாமாகக் கண்டெடுத்த மதிப்பு அது. "வா, படு, திரும்பு, கையை நீட்டு, போ" என்பதும், "வாங்க, படுங்க, திரும்புங்க, கையை நீட்டுங்க, போய்வாங்க" என்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இடையில் இருப்பது 'ங்க' என்னும் ஓர் ஒலி. அதைச் சொல்லக் கண்ணிமைக்கும் நேரமும் ஆகாது. "நாளைக்கு முந்நூறு பேர் வருகிறார்கள், மதித்துப் பேச நேரமேது?" என்று சொல்வார்க்கு இதுவே விடை. முந்நூறு பேர்க்கும் 'ங்க' சொன்னாலும் முழு நாளில் ஐந்து மணித்துளி செலவாகாது.

இன்னொன்றையும் பாருங்கள். அதே மருத்துவர் சட்டை மடிப்புக் கலையாத ஒருவர் உள்ளே வந்தால் "உட்காருங்க, சார்" என்கிறார். அழுக்கு வேட்டிக்காரர் வந்தால் "என்னய்யா, என்ன பண்ணுது?" என்கிறார். அப்படியானால் நேரமின்மை காரணமன்று. சாதியும் காசும் நம் நாவின் நுனியில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. தமிழைத் தூய்மை செய்யப் புறப்பட்ட நாம் வடசொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் களைவதோடு நின்றுவிடக் கூடாது. வயதான உழவனை 'நீ' என்பதும் தமிழுக்கு ஏறிய அழுக்குத்தான். அந்த அழுக்கு வெளியிலிருந்து வந்ததன்று என்பதை ஒப்புக்கொள்வோம்.

உறையூரில் எனக்குப் பழக்கமான தறிக்காரர் ஒருவர் இருந்தார். நீரிழிவு, காலிற் புண். முதன்முறை காட்டியபோது, "இவ்வளவு நாள் எங்கய்யா போயிருந்தே? காலு அழுகினப்புறம் வந்து நிக்கிறே" என்றாராம் அங்கிருந்தவர். தறிக்காரர் மானமுள்ளவர். மறுமுறை போகவில்லை. தாமே ஏதோ களிம்பு தடவிக்கொண்டார். ஒரு விரல் போயிற்று; பின்னர்ப் பாதம் போயிற்று. குழித்தறியில் மிதிபலகையை மிதிக்கக் கால் வேண்டும். இதற்குமேல் விளக்க வேண்டுவதில்லை. "ஏன் வரவில்லை?" என்பது குற்றக் கேள்வி. "வரமுடியாமற் போயிற்றா?" என்பதும் அதே செய்தியைக் கேட்கிறது, ஆனால் விடை சொல்லக் கதவு திறந்திருக்கிறது. கூலி போய்விடும் என்று பயந்தேன், பேருந்துக்குக் காசில்லை, மனைவி படுக்கையிற் கிடந்தாள் என்று அவர் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் எதற்கேனும் ஒரு வழி கண்டிருக்கலாம்.

நல்ல மருத்துவரும் நம்மூரில் இருக்கின்றனர். அவர்கள் பேசுவதைக் கவனித்திருக்கிறேன். "பார்ப்போம், சரிபண்ணிடுவோம்" என்பர். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கணத்திற் படித்தோமே, அதுதான் இது. 'நாங்கள்' என்றால் கேட்பவன் வெளியே நிற்கிறான். 'நாம்' என்றால் அவனும் உள்ளே வருகிறான். இந்த வேறுபாட்டை ஒரே சொல்லிற் காட்ட ஆங்கிலத்தால் இயலாது. 'நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்' என்பதும் 'நாம் செய்ய வேண்டியதைச் செய்வோம்' என்பதும் நோயர் செவியில் வெவ்வேறு உலகம்.

இப்போது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். ஒரு தொழிற்குழுவினர் தமக்குள் வழங்கும் மறைசொல் அது. பொற்கொல்லர் அச்சொல்லைப் பொன் வாங்க வந்தவர் முன்னிலையில் ஏன் பேசினர் என்று கேட்டால், வந்தவர்க்கு விளங்கக் கூடாது என்பதே விடை. மருத்துவர் நால்வர் ஒரு கட்டிலைச் சூழ்ந்து நின்று, கிடப்பவன் வயிற்றை அமுக்கிக்கொண்டே, அவன் தலைக்குமேல் ஆங்கிலத்திற் பேசிக்கொள்கிறார்களே, அதனினும் பெரிய குழூஉக்குறி உண்டா? அவன் உடம்பு, அவன் உயிர், பேச்சு மட்டும் அவனதன்று. அவர்கள் முகத்தை மாறிமாறிப் பார்க்கிறான். ஒருவர் புருவம் சுருங்கினால் நடுங்குகிறான். போகும்போது "ஒண்ணுமில்ல" என்று ஒரு சொல். ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு பேசினார்கள் என்று இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறான். மருத்துவர் தமக்குள் கலைச்சொல்லாற் பேசட்டும். கற்கும் மாணவர்க்கு அது வேண்டும். பேசி முடித்தபின் கட்டிலிற் கிடப்பவனிடம் தமிழில் நான்கு தொடர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகட்டும் என்பதே என் வேண்டுகோள்.

மருத்துவத்தைத் தமிழிற் சொல்லவியலாது என்பார் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைக்க வேண்டும். சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்கர் 1847இல் அங்கு வந்தார். தமிழ் கற்றார். உடற்கூறு, அறுவை, பிள்ளைப்பேறு ஆகியவை பற்றிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவன் ஊரைவிட்டு அரசுப் பணிக்கும் நகரத்துக்கும் போய்விடுகிறான், தமிழிற் கற்றவனே சிற்றூரில் தங்குவான் என்று கண்டு, 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். அவரிடம் கற்ற அறுபதுக்கும் மேற்பட்டோரிற் பாதியளவினர் தமிழ்வழிக் கற்றவர். 1873இல் அவர் நாடு திரும்பினார், 1884இல் மறைந்தார். அவர் வந்தது சமயம் பரப்பவும்தான். அதை மறைக்க வேண்டா. ஆயினும் நோயரிடம் நோயர் மொழியிற் பேசவேண்டும் என்பதை ஓர் அயலவர் நமக்கு முன்னே கண்டுகொண்டார்.

நம் திருச்சிராப்பள்ளிக்கு வருவோம். இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி யார் பெயரைத் தாங்கி நிற்கிறது? முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் அவர்கள் பெயரை. 1899இல் இவ்வூரிற் பிறந்து 1994இல் மறைந்தவர். இந்தி எதிர்ப்பில் முன்னின்றவர். 'தமிழ் மருந்துகள்' என்று நூலே எழுதியவர். எல்லாக் கல்லூரிக்கும் கிட்டாத பேறு இது. அக்கல்லூரியிற் படித்து வெளிவரும் ஒவ்வொரு மருத்துவரும் தம்மோடு ஒரு தமிழ்க் காவலர் பெயரைச் சுமந்துகொண்டு போகிறார். அப்பெயர்க்குச் செய்யும் மதிப்பு, மாலையிடுவதினும், எதிரே அமர்ந்திருக்கும் தொட்டியத்து உழவர்க்கு அவர் நோயை அவர் மொழியில் விளக்குவதில் மிகுதியும் இருக்கிறது.

சட்டமும் இதற்கு மாறாக நிற்கவில்லை. 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை நெறிமுறை, பொறுமையும் நயமும் மறைகாத்தலும் மருத்துவர்க்கு வேண்டும் என்கிறது. நோயின் கடுமையைக் கூட்டியும் குறைத்தும் சொல்லலாகாது என்கிறது. போதிய செய்தியைச் சொல்லிப் பெறாத ஒப்புதல் ஒப்புதலாகாது என்று 2008இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 முதல் இந்தியா முழுமைக்கும் மருத்துவப் பாடத்திட்டத்தில் மனப்பாங்கும் அறமும் உரையாடலும் தனிப் பிரிவாகவே கற்பிக்கப்படுகின்றன. நல்லவை. ஆனால் அறுவைக்கு முன் நீட்டப்படும் ஒப்புதல் தாள் ஆங்கிலத்தில் இருந்தால், அதன்கீழ் நம் தாய்மார் வைக்கும் கைந்நாட்டு எதற்கு ஒப்புதல்?

2025ஆம் ஆண்டில், 'நோயாளி' என்னும் சொல்லை விடுத்து, மருத்துவத்தாற் பயன்பெறுவோர் என்று பொருள்படும் சொல்லால் வழங்கவேண்டும் என்று தமிழ்நாட்டு அரசு தரப்பில் அறிவித்தனர். வரவேற்போம். 'நோயாளி' எனக்கும் உவப்பான சொல்லன்று. நோயை ஆள்பவன் என்று பொருள் விரியும், ஆனால் நோயன்றோ அவனை ஆள்கிறது! 'நோயர்' என்பதே யான் வழங்குவது. இருந்தாலும் ஒன்று சொல்வேன். பெயரை எத்துணை உயர்த்தினாலும், "பயனாளி, அங்க தள்ளி நில்லு" என்றால் பெற்றது என்ன? பெயரினும் முன்னதாக வினையைத் திருத்த வேண்டும்.

பிள்ளைப்பேற்றைப் பற்றிச் சொல்லாமல் இவ்வூரிற் பேசுவது பொருந்தாது. மலைக்கோட்டையில் இருப்பவர்க்குப் பெயர் தாயுமானவர். காவிரியில் வெள்ளம், மறுகரையில் தாய் நின்றுவிட்டாள், மகளுக்கு இடுப்பு நோவு. இறைவனே தாய் வடிவில் வந்து அருகிருந்து பார்த்தான் என்பது கதை. நம்புவார் நம்புக, நம்பாதார் விடுக. பிள்ளை பெறுபவளுக்குத் தாயின் குரல் வேண்டும் என்று இவ்வூர் மக்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அக்கதை சான்று. நோவில் அலறும் பெண்ணைப் பேற்றறையில் எவ்வாறெல்லாம் ஏசுகின்றனர் என்பதைப் பெண்டிர் அறிவர். அச்சொற்களை அவையிற் சொல்ல எனக்கு இடக்கரடக்கல் தடையாக நிற்கிறது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய இழிவன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2014இல் இதைக் கண்டித்து அறிக்கையே விட்டது. இந்திய அரசும் 2017இல் தொடங்கிய பேற்றறைத் திட்டத்தில் மதிப்பான நடத்தையை ஒரு கூறாகச் சேர்த்தது.

இதுவரை கேட்டுக்கொண்டிருந்த செவிலித் தங்கையர் சிலர் முகம் வாடியிருப்பதைப் பார்க்கிறேன். உங்கள் பக்கத்தையும் சொல்லாவிட்டால் யான் முறைகேடு செய்தவனாவேன். இரவுப் பணியில் ஒரு செவிலி எத்தனை கட்டில் பார்க்கிறார்? மூத்தவர் அவரை 'நீ' என்கிறார். நோயரின் மைந்தன் "ஏய் நர்சு" என்கிறான். சொடக்குப் போட்டுக் கூப்பிடுகிறான். துப்புரவுப் பணிப்பெண்ணுக்கோ பெயரே இல்லை. மேலிருந்து 'நீ' வாங்கியவர் கீழே 'நீ' கொடுக்கிறார். அடிநிலையிற் கிடப்பவன் நோயன். சொல்லோடு நில்லாமல் அடியும் விழுகிறது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவார்க்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008இலேயே சட்டம் வந்தது. வந்தும் 2024 நவம்பர் 13ஆம் நாள், சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில், புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்ற ஒரு தாயின் மகன், மருத்துவரைக் கத்தியாற் குத்தினான். எந்த மனக்குறையும் அதற்கு மறுமொழியாகாது. ஆகையால் இங்கிருக்கும் நம் தோழர் மருத்துவமனைக்குள் நுழைந்தால், வாயிற்காவலர் முதல் எல்லார்க்கும் 'ங்க' சொல்லுங்கள். மதிப்புக் கேட்கப் போகிறவர் அதைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

சொல்லிவிட்டுப் போவதற்கு யான் வரவில்லை. இதோ என் கையில் ஒரு தாள் இருக்கிறது. கூடத்திலும் பேற்றறையிலும் மருந்து கொடுக்குமிடத்திலும் நாள்தோறும் வேண்டப்படும் தொடர் நாற்பதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். 'வெறும் வயிற்றோடு வாருங்கள். தண்ணீர் குடிக்கலாம்', 'இந்த ஊசி சற்று எரியும்', 'இதைச் சாப்பாட்டுக்குமுன் போடுங்கள்', 'திரை போட்டிருக்கிறேன், சேலையைத் தளர்த்துங்கள்' என்றிவ்வாறு. வகுப்பறைத் தமிழனாகிய யான் எழுதியதிற் பாதி, நள்ளிரவு இரண்டு மணிக்கு வாயில் வராது என்று எனக்கே ஐயம். தங்கையரே, கூட்டம் முடிந்ததும் எழுதுகோலோடு வாருங்கள். வாயில் வராதவற்றை அடித்துவிடுங்கள். நீங்கள் எவ்வாறு சொல்வீர்களோ அவ்வாறு பக்கத்தில் எழுதுங்கள். அச்சகத்தார் வெள்ளிவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.